மண்டபம் நிற்கின்றது, சங்கம் எங்கே?

ஜாஸ் என்னும் மேனாட்டிசையைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். யாழும் குழலும் முழவும் பற்றி எழுத வேண்டிய கையிலே ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் ஏன் என்று கேட்பார் கேட்கட்டும். இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லைக் கண்டால் அதன் பொருளை மாத்திரம் ஆராய்ந்து அவன் அமையான். அச்சொல் யார் வாயிற் பிறந்தது, யார் அதனைப் பேணினர், எங்கே அது வழக்கொழிந்தது என்பவற்றையும் வினாவுவான். இசைக்கும் அவ்வினாக்கள் பொருந்துவனவே. ஓர் இசையை ஆக்கியோர் பெயர் நூல்களில் நிற்கின்றது. அவ்விசைக்குக் கூரை வேய்ந்து, விளக்கேற்றி, வாசல் திறந்து, மறுநாட் காலையிலே தரையைக் கூட்டியவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. இக்கட்டுரை அவ்விரண்டாம் வகையாரைப் பற்றியது. நூல்களாலும் ஒலிப்பதிவுகளாலும் யான் அறிந்தவற்றைக் கொண்டே இதனை எழுதுகின்றேன்.

அமெரிக்காவின் தென்பகுதியிலே, லூசியானா மாநிலத்தில், நியூ ஓர்லியன்ஸ் நகரம் இருக்கின்றது. அதற்கு வடக்கே பொன்சாட்ரேன் என்னும் பரந்த ஏரி. அவ்வேரியின் வடகரையிலே மண்டேவில் என்னும் சிற்றூர். பேர்னார்ட் டி மரின்யி என்ற பெருநிலக்கிழார் 1834 இல் வகுத்த ஊர் அது. நகரத்து வெம்மைக்கும் கொள்ளைநோய்க்கும் அஞ்சியவர் கோடைகாலத்தில் நீராவிக் கப்பலேறி அக்கரைக்குச் செல்வர். ஏரியின் மேலே ஏறக்குறைய 38 கிலோமீற்றர் நீளமான பாலம் 1956 இலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன் கப்பலிற் சென்ற உல்லாசப் பயணிகளோடு வாத்தியக்காரரும் சென்றனர். அவ்வாறு சென்றவர் இறங்கிய கரையிலிருந்து சில தெருக்கள் உள்ளே, பெரிய ஓக் மரங்களின் நிழலிலே, ஒரு மரமண்டபம் இன்றும் நிற்கின்றது. சாயம் பூசாத பலகைச் சுவர். தாழ்ந்த தூண்களின்மேல் உயர்த்திய பலகைத் தளம். கண்ணாடியில்லாத யன்னல்கள், அவற்றை மூடப் பலகைக் கதவுகள். உள்ளே ஒரு பக்கத்தில் சிறிய மேடை. இவ்வளவே அதன் அணி. அதன் பெயர் டியூ ட்ரொப் மண்டபம். தமிழிற் சொன்னால் பனித்துளி மண்டபம்.

இம்மண்டபத்தை எந்த அரசும் கட்டவில்லை. எந்த வணிகரும் கட்டவில்லை. மண்டேவிலிலே வாழ்ந்த கறுப்பின மக்கள் 1885 இல் ஒரு சங்கம் அமைத்தனர். சமூகத்துக்கும் அறச்செயலுக்கும் உரிய டியூ ட்ரொப் சங்கம், இலக்கம் 2 என்பது அதன் முறையான பெயர். பத்தாண்டு கழித்து, 1895 இல், அவர்கள் தமக்கெனக் கட்டிக்கொண்டதே இம்மண்டபம். சங்கத்தின் முதல் வேலை இசை அன்று. நோயுற்றாரைப் பார்த்தல், இல்லாதார்க்கு உணவும் உறையுளும் உதவுதல், இறந்தாரை மானத்தோடு அடக்குதல் ஆகியவையே அது தன் மேற் போட்டுக்கொண்ட கடன்கள். அமெரிக்காவிலே அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1865 இல். அடிமையாய்ப் பிறந்தவர் பலர் உயிரோடிருந்த காலம் அது. காப்புறுதிக் கம்பெனிகளும் மருத்துவமனைகளும் கறுப்பர்க்கு முகங்கொடாத காலம். ஆதலின் ஒவ்வொருவரும் சிறு காசு கொணர்ந்து ஒரு பெட்டியில் இட்டு, இன்று எனக்கு, நாளை உனக்கு என்று தம்முள் தாமே உதவிக்கொண்டனர். நியூ ஓர்லியன்ஸ் நகரத்திலும் அத்தகைய சங்கங்கள் பல இருந்தன. அந்நகரின் திறெமே என்னும் பகுதியிலே 1836 இற் றோன்றிய ‘எக்கொனொமி’ சங்கம் அவற்றுள் ஒன்று. அதன் மண்டபத்திலும் பிற்காலத்தில் ஜாஸ் ஒலித்தது.

மண்டபம் எழுந்த காலத்தை நாம் மறத்தலாகாது. 1890 இல் லூசியானா அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. புகைவண்டியில் வெள்ளையர்க்கு ஒரு பெட்டியும் கறுப்பர்க்கு வேறொரு பெட்டியும் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். அதனை எதிர்க்க நியூ ஓர்லியன்ஸிலே குடிமக்கள் குழு ஒன்று கூடிற்று. அக்குழுவின் ஏற்பாட்டின்படி ஹோமர் பிளெசி என்னும் செருப்புத் தொழிலாளி 1892 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் திகதி பயணச்சீட்டு வாங்கி, வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்து, சிறைப்பட்டான். அவன் வாங்கிய சீட்டு எவ்வூருக்கு என்று பாருங்கள்: கொவிங்ரன். அது மண்டேவிலுக்கு அயலூர். அதே வடகரைப் பிரதேசம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிரித்து வைப்பினும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்று 1896 இல் ஏழு நீதிபதிகள் தீர்த்தனர். ஒருவர் மாத்திரம் மறுத்துரைத்தார். அத்தீர்ப்பின் கொள்கையைப் பாடசாலைகளைப் பொறுத்தமட்டில் அதே நீதிமன்றம் மறுதலித்தது 1954 இல். இடைப்பட்ட 58 ஆண்டுகளும் பனித்துளி மண்டபத்தை நாம் நோக்க வேண்டிய ஒளியை இத்தீர்ப்பே தருகின்றது. வெளியிலே எந்தப் பெட்டியில் ஏறலாம், எந்தக் கதிரையில் இருக்கலாம் என்று பிறர் விதித்த மக்கள், இச்சுவர்களுக்குள்ளே எவரையும் கேளாமல் இருந்தனர், ஆடினர், சிரித்தனர். அங்கே வாயிலிற் காவல் நின்றவர் அவர்களுடைய சங்கத்தவர். கணக்கு எழுதியவர் அவர்களுடைய செயலாளர்.

இனி இசைக்கு வருவோம். சங்கம் அறச்செயலுக்கு அமைந்தது என்றால் ஆட்டமும் பாட்டும் அங்கே எப்படிப் புகுந்தன என்று வினவலாம். பெட்டி நிரம்ப வேண்டும்; அதற்கு மக்கள் கூட வேண்டும்; கூட்டத்தைக் கூட்டுவதற்கு இசையிற் சிறந்தது யாது? சனிக்கிழமை இரவு வாத்தியக்குழு வாசிக்கும்; வந்தவர் சிறு கட்டணம் கொடுப்பர்; அக்காசு விதவையின் அரிசிக்கும் பிணப்பெட்டிக்கும் ஆகும். மேலும், நியூ ஓர்லியன்ஸ் வழக்கத்தில் இவ்வகைச் சங்கத்தவர் ஒருவர் இறந்தால், பித்தளை வாத்தியக்குழு மெல்லிய நடையில் தோத்திரப் பாடல்களை வாசித்துப் பிரேதத்தின் முன்னே செல்லும்; அடக்கம் முடிந்து திரும்புகையில் நடை விரையும், துள்ளல் இசை எழும். இழவுக்கும் ஆட்டத்துக்கும் வாசித்தவர் ஒரே கூட்டத்தார். ஜாஸ் இசையிலே துயரும் களிப்பும் ஒரே மூச்சிற் கலந்து வருதலின் காரணத்தை இங்கே தேடுதல் தகும்.

அவ்விசையின் பழைய முறையைச் சுருங்கக் கூறுவேன். முன்வரிசையில் மூன்று ஊதுகருவிகள்: கோர்னெற் அல்லது ட்ரம்பெற், கிளாரினெற், ட்ரொம்போன். பின்வரிசையில் பஞ்சோ அல்லது கிற்றார், பெரிய வயலினை ஒத்த பாஸ், முரசுகள். கோர்னெற்காரன் பாட்டின் மெட்டைத் தாங்கிச் செல்வான். கிளாரினெற் அதன் மேலே கொடிபோலச் சுற்றிப் படரும். ட்ரொம்போன் கீழே நின்று இடைவெளிகளை வழுக்கும் ஒலியால் நிரப்பும். மூவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வாசிப்பர். ஏட்டைப் பார்த்து வாசிப்பதன்று, அவ்வப்பொழுது தோன்றுவதை வாசிப்பது. ஆயினும் ஒருவர் காலை மற்றவர் மிதிப்பதில்லை. பன்னிரண்டு அளவைகள் கொண்ட ஒரு சுற்று, மீண்டும் மீண்டும் வரும். அச்சுற்றின் எல்லையை யாவரும் உள்ளத்தில் எண்ணிக்கொண்டே தத்தம் கற்பனையை விரிப்பர். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறும். சுரவரிசையின் மூன்றாவதையும் ஏழாவதையும் நேரான இடத்திலிருந்து சற்றே தாழ்த்தி, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியாகப் பிடிப்பர். கமகத்தின் அருமை அறிந்த நம்மவர் காதுக்கு இது விளங்காத பொருளன்று. மனோதர்மம் என்று நாம் சொல்வதை அவர்கள் தனியொருவனுக்கு விடாமல் மூவர்க்கும் ஒருங்கே பகிர்ந்து கொடுத்தனர் என்பதே வேற்றுமை.

இத்தகைய இசைக்குச் சிறிய மண்டபம் ஏன் வேண்டும்? ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு உடனே விடை கூறும் இசை இது. கேட்டல் இதன் பாதி. வாத்தியக்காரர் நெருங்கி நின்றாலன்றி இந்த வினாவிடை நிகழாது. இன்னொன்று: அந்நாளில் இது ஆடுவோர்க்கு வாசித்த இசை. பலகைத் தளத்திலே ஆடுவோரின் பாதங்கள் எழுப்பும் ஒலி முரசுக்காரனின் காதிற் படும்; அவர்கள் களைத்தால் அவன் நடையைத் தளர்த்துவான், எழுச்சி கொண்டால் அவனும் எழுவான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கோர்னெற்காரனின் மூச்சு எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவே அரங்கின் எல்லை. நம் முன்னோரும் இதனை அறிந்தேயிருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலரங்குக்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் வகுத்தது. அக்கோலுக்கும் இருபத்துநான்கு விரல் என்று அளவு சொன்னது. இக்காலத்து விழாமேடைகளோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய அரங்கு. ஆடுபவளின் கண்ணும் கையும் காண்போனுக்கு எட்டவேண்டும் என்ற நினைவே அவ்வளவை வகுத்திருக்கும் என்பது என் துணிபு.

பெரிய அரங்குகளால் ஜாஸ் உலகெங்கும் பரந்தது என்பதை யான் மறுக்கவில்லை. நம்மவர்க்கும் அது அவ்வழியாகவே வந்தது. அமெரிக்க அரசு தன் நாட்டுக் கலையைக் காட்டி நட்புத் தேடிய காலத்திலே, டேவ் புரூபெக் என்பாரின் நால்வர் குழு 1958 இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. டியூக் எலிங்ரன் தம் பெருங்குழுவோடு 1963 இல் இலங்கைக்கு வந்து வாசித்தார். எலிங்ரன் ஒரு மேதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அரசு அனுப்பிய தூதுவராய் அவர் உலகைச் சுற்றிய அதே ஆண்டிலே, அவருடைய இனத்தார் தம் நாட்டின் தென்பகுதியில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் அமர்வதற்கும் போராடிக்கொண்டிருந்தனர். பொது இடங்களிற் பிரித்து வைத்தலை விலக்கிய சட்டம் 1964 இலேயே வந்தது. பெரிய மேடை ஓர் இசையைக் காட்சிப்பொருளாக ஏற்றுக்கொண்டு, அவ்விசைக்கு உரியாரை ஏற்றுக்கொள்ளாது விடுதல் கூடும். பனித்துளி மண்டபம் போன்ற இடத்திலே அது கூடாது. அங்கே இசைக்கு உரியாரே இடத்துக்கும் உரியார்.

ஒலித்தட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முதல் ஜாஸ் ஒலித்தட்டு 1917 இல் வெளிவந்தது. அதிலே வாசித்தவர் நியூ ஓர்லியன்ஸிலிருந்து சென்ற வெள்ளையர் ஐவர். இசையை உருவாக்கிய கறுப்பர் பலர் அப்பொழுது பதிவு பெறவில்லை. முன்னோடி என்று யாவரும் போற்றும் பட்டி போல்டன் 1907 இல் மனநோய் மருத்துவமனை புகுந்து 1931 இல் அங்கேயே இறந்தார். அவர் ஊதிய ஒலி நமக்குக் கிடைத்திலது. மண்டேவிலில் வாழ்ந்து வாசித்த பட்டி பெற்றி என்னும் கோர்னெற் கலைஞரும் அவ்வாறே. அவரும் 1931 இல் இறந்தார். ஒரு தட்டிலும் அவர் வாசிப்புப் பதியவில்லை. அவரைக் கேட்டோர் வியந்து கூறிய சொற்கள் மாத்திரமே எஞ்சின. அவர் வாசித்த இடங்களுள் பனித்துளி மண்டபமும் ஒன்று. கிட் ஓறி, பங்க் ஜோன்சன், பாப்பா செலஸ்ரின் ஆகியோரின் பெயர்களையும் அம்மண்டபத்தோடு சேர்த்துச் சொல்வர்; லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் இளமையில் அங்கே வாசித்தார் என்பது அவ்வூரார் கூற்று. அப்பகுதியில் 1900 இற் பிறந்த ரொமி லட்னியர் பின்னர் வடக்கே சென்று, 1932 இல் சிட்னி பெஷேயோடு வாசித்த தட்டுக்கள் இன்றும் கேட்கத்தக்கன. லட்னியரின் மூச்சைத் தட்டுக் காத்தது. பெற்றியின் மூச்சை மண்டபச் சுவர்களே கேட்டன. நாம் இசைவரலாறு என்று எழுதுவது பெரும்பாலும் தட்டுக்களின் வரலாறே. இதனை அறிந்து எழுதுதல் நேர்மை.

அம்மண்டபத்துக்கு நேர்ந்தது யாது? வாத்தியக்காரர் ஒவ்வொருவராக வடக்கே சென்றனர். ஆம்ஸ்ட்ரோங் 1922 இல் சிக்காகோவுக்குப் புறப்பட்டதை யாவரும் அறிவர். அவர்போற் புகழ் பெறாது பிழைப்புத் தேடிச் சென்றவர் ஆயிரக்கணக்கானோர். 1930 களின் பொருளாதார மந்தம் கைக்காசை வற்றச் செய்தது. காப்புறுதியும் அரசின் உதவியும் மெல்ல மெல்லக் கறுப்பர்க்கும் எட்டின. மூத்தோர் இறந்தனர், இளையோர் சந்தாப் பெட்டியின் அருமை அறியாது வளர்ந்தனர். 1940 களுக்குப் பின் பலகைக் கதவுகள் பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்தன. இடிக்கப்படாமல் இருந்ததே பெரும்பேறு. 2000 ஆம் ஆண்டளவில், ஜோர்ஜ் பக் என்னும் ஜாஸ் ஒலித்தட்டு வெளியீட்டாளர் நிறுவிய அறக்கட்டளையின் வழியாக மண்டபம் மண்டேவில் நகரசபையின் கைக்கு வந்தது. பின்னர் பனித்துளி நண்பர்கள் என்னும் இலாபம் கருதாத அமைப்பு ஒன்று தோன்றி, நகரசபையோடு சேர்ந்து அங்கே இசைநிகழ்ச்சிகளை நடத்தலாயிற்று. 2005 இல் கத்ரீனாப் புயல் அக்கரையையெல்லாம் அலைத்தது; மண்டபம் அதற்கும் தப்பிற்று.

இப்பொழுது அங்கே நிகழ்ச்சி நடைபெறுவது இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் மாத்திரமே. குளிரூட்டியும் இல்லை, வெப்பமூட்டியும் இல்லை, பருவமே நேரஞ்சொல்லுகின்றது. மாலையிலே மக்கள் வருவர். முந்தி வந்தவர் உள்ளே வாங்குகளில் அமர்வர். இடம் பெறாதார் வெளியே ஓக் மரத்தடியிலே மடக்குக் கதிரைகளை விரித்து, யன்னல் வழியாக வரும் இசையைக் கேட்பர். அயலிலுள்ள பப்ரிஸ்ற் திருச்சபையார் உணவு சமைத்து விற்பர். தொண்டர் சிலர் சீட்டுக் கொடுப்பர், கதிரை அடுக்குவர், குப்பை அள்ளுவர். பொழுது சாயும், விளக்கு எரியும், கிளாரினெற் எழும். செம்மையான ஏற்பாடு. அத்தொண்டர்களை யான் மனமாரப் பாராட்டுகின்றேன்.

ஆயினும் பாராட்டோடு அமையாது ஒரு வினாவை எழுப்புதல் கட்டுரையாளன் கடன். புத்துயிர் பெற்றது மண்டபம். சங்கம் புத்துயிர் பெற்றதா? பழைய மண்டபத்தில் அமர்ந்தவன் சந்தா செலுத்திய உறுப்பினன். இப்பொழுது அமர்கின்றவன் சீட்டு வாங்கிய இரசிகன். இவ்விருவர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. இரசிகனுக்கு நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் அவன் அடுத்த கிழமை வரமாட்டான். அத்துடன் அவனுக்கும் மண்டபத்துக்கும் உள்ள தொடர்பு அறும். உறுப்பினன் அவ்வாறு அறுத்துக்கொள்ள முடியாது. வாசித்தவன் அவனுடைய சிற்றப்பன் மகனாயிருப்பான். நேற்று அவன் வீட்டு நோயாளியைப் பார்க்க வந்தவனாயிருப்பான். நாளை அவன் பாடையின் முன்னே நடக்கப் போகின்றவனாயிருப்பான். பிழையாக வாசித்தாலும் இருந்து கேட்பான். அடுத்த கிழமை திருத்தி வாசிக்கும்படி முகத்துக்கு நேரே சொல்வான். ஒரு கலைக்கு வேண்டிய பொறுமையும் கண்டிப்பும் இவ்வுறவிலிருந்து பிறந்தன. சீட்டு விற்பனையிலிருந்து அவை பிறவா.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். மருத்துவமனை உண்டு, காப்புறுதி உண்டு, ஓய்வூதியம் உண்டு. இனி உதவிச் சங்கம் எதற்கு? வறுமையும் ஒதுக்கமும் உண்டாக்கிய அமைப்பை அவை நீங்கிய பின்னும் வேண்டுவது பழமைப் பித்தன்றோ? இவ்வாட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அக்காலத்து மக்களைக் கேட்டால், இனிய இசையைக் காட்டிலும் ஒழுங்கான மருத்துவமனையும் நேரான நீதிமன்றமும் தமக்கு வேண்டும் என்றே சொல்லியிருப்பர். ஒதுக்கப்பட்டோர் துயரத்தைக் கலையின் உரமென்று புகழ்வது கொடுமை. அதை யான் செய்யேன். ஆனால் அச்சங்கம் வறுமையினால் மாத்திரம் ஆனதன்று. ஒருவர்க்கொருவர் கணக்குச் சொல்லும் பழக்கத்தினாலும் ஆனது. வறுமை நீங்குதல் வேண்டும். அப்பழக்கமும் அதனோடு சேர்ந்து நீங்கவேண்டும் என்ற விதி எங்கே உளது? காப்புறுதிக் கம்பெனி பணம் அனுப்பும். நோயாளியின் கட்டிலருகே வந்திருக்காது. அக்குறை அமெரிக்காவிலும் உண்டு, ஈண்டும் உண்டு.

ஆகவே இத்தகைய மண்டபங்களை மீட்பவர் மூன்று காரியங்களை மனங்கொள்ளல் நன்று என்று கருதுகின்றேன். முதலாவது, மண்டபத்தைச் செம்மைப்படுத்துகின்றோம் என்று கண்ணாடியும் குளிரூட்டியும் பொருத்தி அதன் குரலைக் கெடுத்தலாகாது. மண்டேவிலார் இதுவரை அதனைச் செய்யாமை அவர் அறிவுக்குச் சான்று. இரண்டாவது, கட்டியவரின் வழித்தோன்றல்கள் அங்கே விருந்தினராய் வருதல் போதாது. நடத்தும் குழுவிலே அமர்தல் வேண்டும். அவர்களுடைய பாட்டன்மார் பிறர் அனுமதியின்றி அமர்ந்த இடம் அது. பேரர் சீட்டு வாங்கி அமர்வது அவ்விடத்தின் வரலாற்றுக்கு இழுக்கு. மூன்றாவது, சீட்டுக்காசில் ஒரு பங்காயினும் அவ்வூர் இளைஞர் கையிற் கருவியாகவும் அவ்வூர் முதியோர் வீட்டில் உதவியாகவும் செல்லுதல் வேண்டும். அப்பொழுதே பெயர்ப்பலகையில் உள்ள அறச்செயல் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும். பொருளிழந்த சொல்லைப் பலகையில் மாத்திரம் காத்தல் இலக்கணம் கற்றவனுக்கு மனம் ஒவ்வாத செயல்.

நம் வாசகர்க்கும் ஒரு வார்த்தை. மரண உதவிச் சங்கத்தின் கொட்டகையையும் வாங்குகளையும் அறியாத கிராமம் நம்மிடத்து அரிது. சனசமூக நிலையத்தின் சந்தாப் புத்தகத்தையும் நாம் அறிவோம். அதே கிராமத்திலே, சாவீட்டில் வாசித்த பறைக் கலைஞனை நாம் எங்கே நிறுத்தினோம் என்பதையும் அறிவோம். முற்றத்துக்கு வெளியே நின்று அவன் நம் பிதிர்களுக்காக வாசித்தான். அவன் இசையைப் பற்றி நம் பண்டிதர் ஏடுகள் பேசியது சிறிது. ஜாஸ் இழிந்தோர் இசை என்று இகழ்ந்த வெள்ளையரை நாம் குறை கூறுமுன், நம் காதுகள் யாரை இசைவாணர் என்று எண்ணின, யாரை எண்ணவில்லை என்று கணக்குப் பார்த்தல் தகும். மண்டேவில் மக்கள் தமக்கொரு மண்டபம் கட்டிக்கொண்டனர். நம் பறைக் கலைஞர்க்கு மண்டபம் கட்டும் உரிமையும் வாய்ப்பும் எத்தனை ஊர்களிற் கிடைத்தன?

கலையைக் காப்போம் என்று கூட்டங்கூடி முழங்குவோர் பலர். அவர்களிடம் யான் கேட்பது சிறிது: உங்கள் ஊர்க் கலைஞர் ஒருவர் நோயுற்றால் அவர் வீட்டுக்கு முதலிற் செல்பவர் யார்? அவ்வினாவுக்கு ஒரு பெயரை விடையாகச் சொல்லக்கூடிய ஊரிலே கலைக்கு அரங்கு தானே எழும். பலகையால் எழுந்தாலும் அது நூறாண்டு நிற்கும்.